எந்த ஊர் மணி?

'நாளை மதியம் மணி 1.00க்கு இறுதிச் சடங்கு. இயங்கலை வழி நேரலை உண்டு.'

இப்படி ஓர் இரங்கல் அறிவிப்பு புலனத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் இருக்கும் மூத்த மகன் அவசரத்தில் தட்டெழுதியது. குடும்பக் குழுவிலிருந்து ஆலயக் குழுவுக்குப் போகிறது. பிறகு சென்னையில் உள்ள சம்பந்தி வீட்டுக்கு, மான்செஸ்டரில் படிக்கும் பேரனுக்கு, மெல்பர்னில் குடியேறிவிட்ட அத்தைக்கு, தொரொன்டோவில் இருக்கும் பழைய தோட்டத்து நண்பருக்கு. சிலருக்கு அது மறுநாள் காலையில்தான் போய்ச் சேர்கிறது. படிக்கும் ஒவ்வொருவருக்கும் 'நாளை' என்பது ஒரு நாள், 'மணி 1.00' என்பது ஒரு மணி. நேரலையைத் திறந்து பார்த்தபோது சடங்கு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள் என்று வருத்தப்பட்டவர்கள் உங்கள் உறவிலும் இருப்பார்கள்.

இதைக் கேட்டதும் நாம் உடனே சொல்வது, 'அவர் நேரத்தைச் சரியாக மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்' என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்று எந்தக் கைப்பேசியும் ஒரு நொடியில் ஈப்போ நேரத்தைத் தொரொன்டோ நேரமாக மாற்றித் தரும். ஆனால் அதற்கு இரண்டு தகவல்கள் வேண்டும்: எந்த ஊர், எந்தத் தேதி. அந்த இரண்டும் அறிவிப்பில் இல்லை. எழுதியவர் விட்டதைப் படிப்பவர் எப்படிக் கணக்கிட முடியும்? நேர வித்தியாசம் என்பது மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளும் ஓர் எண் என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது ஊரையும் தேதியையும் பொறுத்து மாறும் ஒன்று என்று எழுதும்போதே நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நமக்கு மிகவும் பழகிய வித்தியாசத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவுக்கும் நமக்கும் எவ்வளவு? இரண்டரை மணி நேரம் என்பீர்கள். உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'இரண்டு மணி நேரம்தானே' என்று அவர் சொன்னால் மறதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் இளமையில் அதுதான் சரி.

நம் கடிகாரத்தின் கதை கொஞ்சம் சுவையானது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். சிங்கப்பூர் கிரீனிச்சுக்குக் கிழக்கே ஏறக்குறைய 104 பாகையில் இருப்பதால், அதன் சூரிய நேரம் கிரீனிச்சைவிட 6 மணி 55 நிமிடம் முந்தியது. 1905ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, சில்லறையை விட்டுவிட்டுச் சரியாக 7 மணி நேரம் என்று வகுத்தார்கள். அது சூரியனுக்கு மிக நெருக்கமான, நேர்மையான நேரம். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் நிர்வாகத்தின் வேலை. மாலையில் வேலை முடிந்தபின் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சட்டும் என்று 1933இல் 20 நிமிடம் முன்னே தள்ளினார்கள். 1936இல் அந்த 20 நிமிடம் நிரந்தரமானது. 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் சேர்ந்து, ஏழரை மணி நேரம் ஆனது. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் 1942 பிப்ரவரியில் தோக்கியோ நேரம் வந்தது. கிரீனிச்சுக்கு 9 மணி நேரம் முன்னே. அந்தக் கடிகாரத்தின்படி சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது பிற்பகல் மணி இரண்டைத் தாண்டியிருக்கும். 1945 செப்டம்பரில் மீண்டும் ஏழரை.

இந்தியா ஐந்தரை, நாம் ஏழரை. அதனால்தான் அந்த இரண்டு மணி நேரம். தந்தி கொடுத்தவர்களும், வெளிநாட்டு அழைப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவர்களும் பழகியது அந்தக் கணக்குக்குத்தான்.

1981ஆம் ஆண்டின் கடைசி இரவில் அது மாறியது. சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே 8 மணி நேரக் கணக்கில் இருந்தன. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்று மகாதீர் அரசாங்கம் முடிவெடுத்துத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. வாணிபமும் போக்குவரத்தும் பின்னிப் பிணைந்திருந்ததால் சிங்கப்பூரும் கூடவே வந்தது. டிசம்பர் 31 இரவு மணி 11.30 ஆனதும் கடிகாரங்கள் நள்ளிரவு 12.00 என்று காட்டின. தீபகற்பத்திலோ சிங்கப்பூரிலோ 'நான் 1981 டிசம்பர் 31 இரவு மணி 11.45க்குப் பிறந்தவன்' என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு நேரம் அங்கே இருந்ததே இல்லை.

இப்போது ஒரு கழித்தல் போடுவோம். கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஏறக்குறைய 21.4 பாகை. நான்கால் பெருக்கினால் 86 நிமிடம் வரும். அதாவது சென்னையைவிட நமக்குச் சூரியன் 1 மணி 26 நிமிடம் முன்னால் வருகிறது. ஆனால் கடிகாரம் காட்டும் வித்தியாசம் 150 நிமிடம். மீதி 64 நிமிடமும் இரு நாட்டு அரசாங்கங்கள் எழுதிய சட்டத்திலிருந்து வந்தவை. பாடாங் புசாரில் எல்லையைக் கடந்து தாய்லாந்துக்குள் கால் வைத்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுகிறோமே, அங்கே சூரியனா மாறுகிறது? அதுவும் சட்டம்தான்.

இந்த 64 நிமிடத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் சமூகத்தில் நேர மாற்றக் கணக்கு அதிகம் தடுமாறுவது இங்கேதான்: பஞ்சாங்கத்தில்.

தமிழ்நாட்டில் அச்சான நாள்காட்டி இங்கே பல வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12.00 வரை என்று அதில் இருக்கிறது. கோலாலம்பூரில் அதை எப்படிப் படிப்பது? ஒருவர் அச்சில் உள்ளபடியே 10.30 என்று எடுத்துக்கொள்கிறார். இன்னொருவர், 'அது இந்திய நேரம், இரண்டரையைக் கூட்டு' என்று பிற்பகல் 1.00 முதல் 2.30 வரை என்கிறார். இருவருமே தவறு. ராகு காலம் என்பது சூரிய உதயத்திலிருந்து மறைவு வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பங்கை ஒதுக்குவது. வெள்ளிக்கிழமைக்கு நான்காவது பங்கு. எட்டில் நான்காவது பங்கு முடியும் இடம் பகலின் நடு. அதாவது உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம். உதயம் காலை 6.00, மறைவு மாலை 6.00 என்று வைத்துக்கொண்டு போட்ட அட்டவணையில் அது நண்பகல் 12.00 ஆகிறது. கோலாலம்பூரில் உச்சி வேளை சராசரியாகப் பிற்பகல் 1.13. ஆகவே இங்கே வெள்ளிக்கிழமை ராகு காலம் ஏறக்குறைய 11.45 முதல் 1.15 வரை. சிங்கப்பூரில் அதைவிட எட்டு, ஒன்பது நிமிடம் முன்னே. கோத்தா கினாபாலுவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னே, கடிகாரம் ஒன்றாகவே இருந்தாலும்.

ராகு காலத்தை நம்புவதா வேண்டாமா என்பது இந்தக் கட்டுரையின் விஷயம் அல்ல. நம்புகிறவர் சரியான ஒன்றரை மணி நேரத்தைத் தவிர்க்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

ஆனால் அதே நாள்காட்டியில், அதே தாளில், இரண்டரையைக் கூட்டியே ஆக வேண்டிய எண்ணும் இருக்கிறது. திதி அப்படிப்பட்டது. வானில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி முடிகிறது. அந்தக் கோணம் பார்க்கும் ஊரைப் பொறுத்து மாறாது. உலகம் முழுவதற்கும் அது ஒரே நொடி. ஒவ்வோர் ஊர்க் கடிகாரமும் அந்த நொடியை வேறு எண்ணால் அழைக்கிறது, அவ்வளவுதான். அமாவாசை மாலை 5.10 வரை என்று சென்னை நாள்காட்டி சொன்னால் நமக்கு இரவு 7.40 வரை. இரவு 10.00 வரை என்றால், நமக்கு நள்ளிரவைத் தாண்டி மறுநாள் 12.30 வரை. நட்சத்திரமும் அப்படியே.

லக்னமும் முகூர்த்தமும் மறுபடியும் வேறு. கீழ்வானில் எந்த ராசி உதிக்கிறது என்பது நிற்கும் ஊரைப் பொறுத்தது. சென்னையில் உள்ள ஜோதிடர் அங்குள்ள பஞ்சாங்கத்தைப் பார்த்து 9.00 முதல் 10.30 வரை முகூர்த்தம் என்று குறித்துக் கொடுத்தால், கிள்ளானில் நடக்கும் திருமணத்துக்கு அதில் இரண்டரையைக் கூட்டுவதும் தவறு, அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. 'கிள்ளானுக்குக் கணித்துக் கொடுங்கள்' என்று கேட்பது ஒன்றே வழி.

ஆக ஒரே தாளில் இரண்டு வகை நேரங்கள் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. ஒன்று உலகத்துக்குப் பொதுவான நொடி. அதை மாற்ற வேண்டும். மற்றது அந்தந்த ஊர்ச் சூரியனைச் சார்ந்தது. அதை மாற்றக் கூடாது, புதிதாகக் கணிக்க வேண்டும். எது எந்த வகை என்று தாளில் ஒரு குறியும் இல்லை. பண்டிகை எந்த நாளில் வருகிறது என்பதுகூட இதனால் சில ஆண்டுகளில் சிக்கலாகிறது. சூரிய உதயத்தின்போது எந்தத் திதி நடக்கிறது என்று பார்க்கும் நாட்களில், நமக்கு உதயம் முன்னால் வருவதால், சென்னையில் பிறந்துவிட்ட திதி இங்கே உதயத்தின்போது இன்னும் பிறக்காமல் இருக்கலாம்.

நம் நாட்டிலேயே இதைச் சரியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தொழுகை நேரங்களை ஜாக்கிம் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து வெளியிடுகிறது. நோன்பு துறக்கும் நேரம் கோத்தா கினாபாலுவுக்கு ஒன்று, அலோர் ஸ்டாருக்கு ஒன்று. நாடு முழுவதும் கடிகாரம் ஒன்றே என்பதால் தொழுகை நேரமும் ஒன்றே என்று யாரும் நினைப்பதில்லை. நம் ஆலயங்களும் சங்கங்களும் ஆண்டுதோறும் நாள்காட்டி அச்சிடுகின்றன. சாமி படத்துக்கும் நன்கொடையாளர் படத்துக்கும் கிடைக்கும் இடத்தில் ஒரு விரற்கடை ஒதுக்கி, 'இந்நேரங்கள் கோலாலம்பூருக்குக் கணிக்கப்பட்டவை' என்று போட முடியாதா? அப்படிக் கணித்து வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு என் வணக்கம். சென்னை அட்டவணையை அப்படியே மறுபதிப்புச் செய்கிறவர்களிடம்தான் கேட்கிறேன்.

பஞ்சாங்கத்தை விட்டு நகரும் முன் ஜாதகத்தையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். பழைய நோட்டுப் புத்தகத்தில் அப்பா எழுதி வைத்த பிறந்த நேரத்தை இப்போது மென்பொருளில் இட்டுப் பார்க்கிறார்கள். 'மலேசியா, கூட்டல் 8' என்று தேர்ந்தெடுக்கிறார்கள். 1970இல் தைப்பிங்கில் பிறந்தவருக்கு அது கூட்டல் ஏழரை. அரை மணி நேரப் பிழை. ஒரு லக்னம் சராசரியாக இரண்டு மணி நேரம் நீடிப்பதால், நால்வரில் ஒருவருக்கு லக்னமே மாறிவிடும். ஜப்பானியர் காலத்தில் பிறந்தவர் என்றால் பிழை ஒரு மணி நேரம், எதிர்த் திசையில். சபா, சரவாக்கில் பிறந்தவருக்கு மட்டும் 1970இலும் எட்டுதான். எண்ணைக் கேட்காமல் ஊரையும் தேதியையும் கேட்கும் மென்பொருள் இதைத் தானே சரி செய்துகொள்ளும். ஆனால் கணினிகள் பயன்படுத்தும் உலக நேர வலயத் தரவுத்தளம் 1970க்குப் பிந்தைய காலத்தைச் சரியாகத் தருவதையே தன் பொறுப்பாக வைத்திருக்கிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் மேலே சொன்ன ஆண்டுகளை ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இதெல்லாம் கடந்த காலம். ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இது நிகழ்காலம்.

காற்பந்து ரசிகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லண்டனில் சனிக்கிழமை பிற்பகல் மணி 3.00க்குத் தொடங்கும் ஆட்டம், பருவத்தின் தொடக்கத்தில் நமக்கு இரவு மணி 10.00. அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு அதே ஆட்டம் இரவு மணி 11.00. மார்ச் கடைசி ஞாயிறு வந்ததும் மறுபடியும் 10.00. மாமாக் கடையில் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்குத் தெரிந்த இந்த விவரம், மகளை அழைக்கும் தாய்க்கு ஏன் தெரியவில்லை என்றால், 'லண்டன் என்றால் எட்டு மணி நேரம்' என்று யாரோ ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஆண்டில் ஏறக்குறைய ஏழு மாதங்களுக்கு அது ஏழு மணி நேரம்.

தொரொன்டோவுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் 13, கோடையில் 12. அங்கே மாறும் நாள் லண்டனுடன் ஒத்துப்போவதில்லை: மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. மெல்பர்ன் தெற்கில் இருப்பதால் எல்லாம் தலைகீழ். அவர்கள் கோடை அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை. அப்போது அவர்கள் நம்மைவிட மூன்று மணி நேரம் முன்னே. மற்ற மாதங்களில் இரண்டு. பிரிஸ்பனில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, எப்போதும் இரண்டு. பெர்த் எப்போதும் நம் நேரமேதான்.

இப்போது மூன்று சகோதரிகள், ஈப்போவில் ஒருவர், லண்டனில் ஒருவர், மெல்பர்னில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கும் மெல்பர்னுக்கும் இடையே ஆண்டின் ஒரு பகுதியில் 9 மணி நேரம், இன்னொரு பகுதியில் 11, இடையில் சில வாரங்கள் 10. எந்தக் கடிகாரத்தையும் மாற்றாத ஈப்போ அக்காதான் அக்டோபரில் குழம்பிப்போகிறார். 'நீங்கள் இருவரும் மாறி மாறி நேரத்தை மாற்றுகிறீர்கள்' என்று அவர் கோபித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

வாரந்தோறும் நடக்கும் இயங்கலை வகுப்பு, பயிற்சி, பஜனை எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இங்கிருந்து தமிழ் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு மணி 8.00 வகுப்பு, லண்டன் பிள்ளைக்குப் பிற்பகல் 1.00. நவம்பரில் அது நண்பகல் 12.00. அந்த மணியில் பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு இருந்தால்? ஆகவே வகுப்பைத் தொடங்கும் நாளிலேயே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: இந்த வகுப்பு எந்த ஊர்க் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது? கோலாலம்பூருக்கு என்றால் மற்றவர்கள் நகர வேண்டும். லண்டனுக்கு என்றால் ஆசிரியர் நகர வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் அக்டோபர் கடைசி வாரம் பாதிப் பேர் வருவார்கள், பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கைப்பேசி இல்லாமல் கையால் கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. நேரடியாக ஊருக்கு ஊர் தாவாமல், கிரீனிச்சை ஒட்டிய அனைத்துலக நேரமான யுடிசிக்கு முதலில் போங்கள். கோலாலம்பூரில் திங்கட்கிழமை காலை 6.00. எட்டைக் கழித்தால் யுடிசி ஞாயிறு இரவு 10.00. குளிர்காலத் தொரொன்டோ யுடிசியைவிட 5 மணி நேரம் பின்னே. எனவே அங்கே ஞாயிறு மாலை 5.00. கிழமை மாறுவது முதல் கழித்தலிலேயே கண்ணில் பட்டுவிடும். தவறுகளில் பெரும்பாலானவை மணியில் நடப்பதில்லை, கிழமையில்தான்.

ஊர்ப் பெயர் எழுதச் சோம்பல்பட்டு ஆங்கில முதலெழுத்துகளைப் போடும் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. ஐஎஸ்டி என்றால் நமக்கு இந்தியா. அதே மூன்றெழுத்து அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் உண்டு. சிஎஸ்டி சீனாவும் ஆகலாம், அமெரிக்காவின் நடுப்பகுதியும் ஆகலாம். இடையே 14 மணி நேரம். எம்எஸ்டி என்று சிலர் மலேசிய நேரத்தைக் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் அது மலைப்பகுதி மாநிலங்களின் நேரம், நமக்கு 15 மணி நேரம் பின்னால். வேலைக்கான இயங்கலை நேர்காணலுக்கு அழைப்பு வந்து, அதில் இந்த மூன்றெழுத்து மட்டும் இருந்தால், கூச்சப்படாமல் 'எந்த நகரத்து நேரம்?' என்று பதில் எழுதிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்காக உங்களைத் தாழ்வாக நினைக்கும் நிறுவனம் நல்ல நிறுவனமாக இருக்க முடியாது.

எண்ணை நம்பாதீர்கள், ஊரை நம்புங்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், அரசாங்கங்கள். இலங்கை 1996இல் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அதே ஆண்டில் அரை மணி நேரம் பின்னே இழுத்தது, 2006இல் மீண்டும் பழையபடி இந்திய நேரத்துக்கே வந்தது. வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த மாற்றங்களை ஏற்கவே இல்லை. பத்தாண்டுக் காலம் ஒரே தீவில் இரண்டு நேரம். லெபனான் 2023 மார்ச்சில், கோடை நேரம் தொடங்க இரண்டு மூன்று நாட்களே இருந்தபோது, ரமலான் முடியும் வரை அதைத் தள்ளி வைப்பதாக அறிவித்தது. தேவாலயங்களும் சில தொலைக்காட்சி நிலையங்களும் மறுத்துவிட்டன. கைப்பேசிகள் சில ஒன்றைக் காட்டின, சில மற்றொன்றை. சில நாட்களில் அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்டது. பசிபிக்கில் சமோவா 2011இல் நாள்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது டிசம்பர் 30ஆம் தேதியையே விட்டுவிட்டது. வியாழக்கிழமை தூங்கி எழுந்தால் சனிக்கிழமை.

இதில் கணினித் துறையினருக்கு ஒரு பாடம் உண்டு. நடந்து முடிந்த ஒன்றின் நேரத்தை யுடிசியில் சேமிப்பது சரி. நடக்கப்போகும் ஒன்றை அப்படிச் சேமிப்பது ஆபத்து. 1981 நவம்பரில் ஒரு செயலாளர், 'ஜனவரி 10 காலை 9.00, கோலாலம்பூர்' என்ற கூட்டத்தைச் சென்னைக்காக 7.00 என்று மாற்றிக் குறித்து வைத்திருந்தால், ஜனவரியில் அது தவறாகியிருக்கும். சரியான நேரம் 6.30. 'கோலாலம்பூர் 9.00' என்று மட்டும் வைத்திருந்தால் எந்த அரசாங்கமும் அதைக் கெடுத்திருக்க முடியாது. முன்பதிவுச் செயலிகளை உருவாக்கும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்கிறார்களா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக நள்ளிரவு. 'சனிக்கிழமை இரவு 12 மணி' என்றால் வெள்ளி முடிவா, சனி முடிவா? 'சனிக்கிழமை இரவு 3 மணிக்கு ஆட்டம்' என்று நாம் பேச்சில் சொல்வது நாள்காட்டிப்படி ஞாயிறு அதிகாலை. வீட்டுக்குள் இது புரியும். வெளிநாட்டு உறவினரின் கைப்பேசிக்குப் புரியாது. நாளிதழ்களும் அறிவிப்பாளர்களும் இரவு 11.59 அல்லது அதிகாலை 12.01 என்று எழுதத் தொடங்கினால் நல்லது. விமானச் சீட்டில் 15ஆம் தேதி 00.25 என்று இருந்தால், 15ஆம் தேதி மாலையில் பெட்டி கட்ட உட்காராதீர்கள். சீட்டில் புறப்பாடு எப்போதும் புறப்படும் ஊரின் நேரத்தில்தான் இருக்கும். வந்திறங்கும் நேரம் வந்திறங்கும் ஊரின் நேரத்தில். நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14ஆம் தேதி இரவு 9.30க்கு.